பனிமலை ஏறாத கம்ப்யூட்டர்

என் தங்கை கல்யாணமாகி ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போனபோது இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு, இரண்டு பொறுப்புகளை என்னிடம் விட்டுப் போனாள். ஒன்று அம்மா. இன்னொன்று, அவள் கணக்கியல் படித்த காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர். இரண்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அம்மாவைப் பார்த்துக்கொள்வது சுலபம். அவர் தானே எழுந்து காப்பி கலக்கிக்கொள்வார். கம்ப்யூட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்க் குளித்து, தலை துவட்டி, உடுத்திக்கொண்டு வந்தால், அப்போதுதான் கண் விழித்து நான் யார் என்று கேட்கும்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தங்கையும் விளையாடுவோம். பெர்த்திலும் பினாங்கிலும் கடிகாரம் ஒரே நேரம் காட்டுவது எங்கள் அதிர்ஷ்டம். காலைப் பூசை, மதியச் சாப்பாடு எல்லாம் முடிந்து இரண்டு மணிக்கு உட்கார்ந்தால், அவள் ஊரில் அவள், என் ஊரில் நான், திரையில் இருவருக்கும் பொதுவாக ஒரு தோட்டம். மூன்று வருடமாக அதில் கேரட் பயிரிட்டோம். நாற்பத்தொரு வயதுப் பெண் ஞாயிறு மதியம் கம்ப்யூட்டரில் முயல் விரட்டுகிறாள் என்று வெளியே தெரிந்தால், இவளுக்கு ஏன் இன்னும் மாப்பிள்ளை அமையவில்லை என்பதற்கு ஊருக்கே விடை கிடைத்துவிடும். அதனால் வார இறுதியில் என்ன செய்தாய் என்று வேலையிடத்தில் கேட்டால், ஓய்வெடுத்தேன் என்பேன்.

விளையாட்டு எனக்கு முக்கியமில்லை. போனில் பேசினால் என் தங்கை நான்கு நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டாள். சாப்பிட்டியா, அங்கே மழையா, அம்மா மாத்திரை போட்டாங்களா, சரி வைக்கிறேன். ஆனால் கேரட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, புருஷனோடு மூன்று நாளாகப் பேசவில்லை என்பாள். ஆபீஸ் கழிப்பறையில் அழுதேன் என்பாள். கை வேலையாக இருந்தால்தான் அவளுக்கு வாய் திறக்கும். அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் எனக்குத் தங்கை என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு, மாதம் ஒருமுறை அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வரும் பணம் மட்டும்தான் சாட்சி.

கேரட் அவளுக்குச் சலித்துப்போனது. புதிதாக ஒரு விளையாட்டு வந்திருக்கிறது என்றாள். பனிமலை. இரண்டு பேர் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஒருவர் விழுந்தால் மற்றவரும் விழுவார். மூன்றாம் ஆளுக்கு இடமில்லை, தனியாக ஏறவும் முடியாது. நமக்காகவே செய்தது போல இருக்கிறது என்று அவள் சொன்னதில் நான் உருகிப்போய், பெட்டியின் தகுதி என்ன என்றுகூட யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

தகுதி உடனே தெரிந்தது. என் திரையில் மலை வரவில்லை. தங்கை வந்தாள், ஆனால் தலை இல்லாமல் வந்தாள். நான் குதிக்கும் பொத்தானை அமுக்குவேன். அது யோசித்து, மேலிடத்தில் கேட்டு, ஒப்புதல் வந்த பிறகு குதிக்கும். அதற்குள் நான் விளிம்பிலிருந்து விழுந்திருப்பேன், என்னோடு கட்டப்பட்ட பாவத்துக்கு அவளும் விழுவாள். முதல் கட்டத்தையே எங்களால் தாண்ட முடியவில்லை. ஆரம்பத்தில் திட்டினாள். பிறகு சிரித்தாள். மூன்றாம் வாரம் மிகவும் மென்மையாகப் பேச ஆரம்பித்தாள். ஆபீஸில் கூட வேலை செய்யும் ஒரு பையனிடமும் இந்த விளையாட்டு இருக்கிறதாம்.

"நீ கம்ப்யூட்டர் ரெடி பண்ற வரைக்கும்தான் லா, அக்கா."

தாராளமாக ஏறு, அதற்கென்ன என்றேன். நான் பெருந்தன்மைக்காரி. அன்று முழுவதும் அடுக்களையில் நின்று, ஏற்கெனவே கழுவியிருந்த சட்டிகளையெல்லாம் இன்னொரு முறை தேய்த்தேன்.

மறுநாளே வேலை முடிந்து, கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் வயதான சீனர். பக்கத் தகட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, லெட்டர் டைப் பண்ண நல்ல பெட்டி என்றார். விளையாட வேண்டுமானால் தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட வேண்டும். அந்தக் கார்டுக்கு மின்சாரம் கொடுக்க உள்ளே இருக்கும் மின்பெட்டி பற்றாது, வேறு போட வேண்டும். வேறு மின்பெட்டி இந்தக் கூட்டுக்குள் நுழையாது, கூட்டையும் மாற்ற வேண்டும். செருப்புக்கு வார் மாற்றப் போய்ப் புதுக் கால் வாங்கிக்கொண்டு திரும்பிய கதையாக, மூன்று அட்டைப் பெட்டிகளோடு டாக்ஸியில் வந்து இறங்கினேன். பூட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை.

ஏற்காததற்குக் காரணம் என் உத்தியோகம். பதினான்கு வருடமாக பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனை என் வேலை. போர்டுகள் பெட்டிக்குள் போவதற்கு முன்பு பூதக்கண்ணாடியில் பார்த்து முத்திரை குத்துகிறவள். முடி அளவு கீறல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. கேபிள் செருகும் ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் மூடி இருக்கிறதா என்று பார்ப்பது என் பட்டியலில் கடைசி வரி. மூடி இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு. மூடியை எங்கள் கையால் கழற்றினால் எச்சரிக்கைக் கடிதம் வரும். இப்படிப்பட்ட நிபுணிக்கு ஒரு கார்டைச் செருக இன்னொருவர் வேண்டுமா என்ன.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைக் காலி செய்து, துணி விரித்து, மணிக்கட்டில் மின்காப்புப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மாவை மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னேன். ஒரு திருகாணி மிஞ்சாமல் எல்லாம் பூட்டி முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. பக்கத் தகட்டை மட்டும் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அங்கேதான் நான் சுதாரித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் அம்மா தீர்த்தம் தெளிக்காமல் விடமாட்டார். ஒவ்வொரு வருடமும் புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவிலிருந்து, மாதா உருவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வருவார். மாதாவின் நீலக் கிரீடம்தான் அதற்கு மூடி. ஃப்ரிட்ஜுக்குத் தெளித்தார், வாஷிங் மெஷினுக்குத் தெளித்தார், தங்கையின் பாஸ்போர்ட்டுக்கும் தெளித்து, பெயரில் ஓர் எழுத்து கலங்கிவிட்டது. நான் குளித்துவிட்டு வந்தபோது கார்டின் காற்றாடி மேல் நான்கைந்து துளிகள் நின்றன. அம்மா சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து வந்து அரை மணி நேரம் உலர்த்தினேன். பிறகு திரையின் கேபிளைச் செருகி, சாமியை வேண்டிக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன். காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது. விளையாட்டைத் திறந்தேன். மலை வரவில்லை. குதிக்கும் பொத்தானை அமுக்கினேன். விண்ணப்பம் மேலிடத்துக்குப் போனது.

எனக்கு மூக்கின் மேல் கோபம். அந்தக் கோபத்துக்கு எட்டும் தூரத்தில் அம்மா ஒருவர்தான் இருந்தார். "உங்க தீர்த்தம்தாம்மா இத சாகடிச்சிருச்சு" என்றேன். இனி இந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் தண்ணீர் தெளிக்கக் கூடாது, பக்தியைக் கோயிலோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். இன்னும் இரண்டு மூன்று வாக்கியங்கள் சொன்னேன். அவற்றை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.  அம்மா கிரீடத்தைத் திருகி மூடி, பாட்டிலை அலமாரிக்குள் வைத்து, கதவையும் சாத்தினார்.

அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு போட்டு, மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். கதவுக்குப் பின்னால் போனில் தணிந்த குரலில் பேசுவது கேட்கும். தங்கையிடம் என்னைப் பற்றி ஒப்பாரி வைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா. வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தங்கையும் என்னை அழைக்கவில்லை. அந்தப் பையனோடு எதுவரை ஏறியிருப்பாள் என்று தினமும் ஃபேக்டரி பஸ்ஸில் யோசிப்பேன். கேட்கவில்லை. ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

நடுவில் கடைக்காரரிடம் இன்னொரு முறை போனேன். தீர்த்தத்தைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை. ரேம் பற்றவில்லையோ என்று அவரே சந்தேகப்பட்டார். இரட்டிப்பாக வாங்கிப் போட்டேன். தலையில்லாத தங்கை மட்டும் சற்று வேகமாகத் திரைக்கு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை, மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைக்காரருக்கு வாட்சாப்பில் ஒரு நீண்ட புகார் எழுதிக்கொண்டிருந்தேன். கார்டே கோளாறு, மாற்றித் தர வேண்டும் என்று. கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் தூசி படிந்திருந்தது. அம்மா ஈரமில்லாத துணியால், ஆம், நன்றாகப் பிழிந்ததுகூட அல்ல, சுத்தமாகக் காய்ந்த துணியால், துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற கை நின்றது. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக என்னிடம் பேசினார்.

"இந்த ஓட்டைக்கு மட்டும் ஏன் மூடி போட்டிருக்கு?"

"அதுதாம்மா புது கார்டு. மூடி இருக்கணும்."

"மூடி இருந்தா அதுல எப்படி சொருவுவ?"

எழுந்து கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்தேன்.  கார்டின் மேல் கறுப்பு ரப்பர் மூடி ஒழுங்காக, நேராக, முத்திரை குத்தத் தயாராக உட்கார்ந்திருந்தது. திரையின் கேபிள் நான்கு விரல்கடை மேலே, பழைய போர்டின் பழைய துளையில், எப்போதும் இருந்த இடத்திலேயே இருந்தது. பதினான்கு வருடப் பழக்கம். மூடியைப் பார்த்தேன், பாஸ் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன், மூடி இல்லாத துளையில் கேபிளைச் செருகினேன். ஒரு வாரமாகப் புதுக் கார்டு வேலையில்லாமல் காற்று வாங்கிக்கொண்டிருந்தது, பழைய போர்டே தனியாக மலையை இழுத்துக்கொண்டிருந்தது. என் கையால் ஒரு மூடியைக் கழற்றியது அன்றுதான் முதல் தடவை. எழுதிக்கொண்டிருந்த புகாரை அழித்தேன்.  அம்மா துணியை உதறிவிட்டு அடுக்களைக்குப் போனார்.

ஞாயிறு இரண்டு மணிக்குத் தங்கையை நானே அழைத்தேன். மலை வந்தது. பனி தனித்தனியாக விழுந்தது. தங்கைக்குத் தலை இருந்தது, அதில் ஒரு சிவப்புத் தொப்பியும் இருந்தது. பொத்தானை அமுக்கினால் அந்தக் கணமே குதித்தேன். இரண்டு பேரும் முதல் கட்டத்தைத் தாண்டிப் பாதி தூரம் ஏறியபோது, போகிற போக்கில் கேட்பது போல, நீயும் அந்தப் பையனும் இதையெல்லாம் எப்போதோ தாண்டியிருப்பீர்களே என்றேன்.

"எங்க ஏறுனேன்? ஒரு நாள்தான் அவன்கூட விளையாண்டேன். அதுக்கே அம்மா ஏசுனாங்க. தினமும் போன் பண்ணி, அக்கா ராத்திரி பகலா அத ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருக்கா, அவ இல்லாம நீ ஏறாத, நில்லுன்னு ஒரே பிடிவாதம் லா. நீ சொல்லித்தான் பண்ணாங்கன்னு நெனைச்சேன்."

விசைப்பலகையிலிருந்து என் கை நழுவியது. நான் விழுந்தேன், அவளும் விழுந்தாள். இந்த முறை கம்ப்யூட்டர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. என்னக்கா, திரும்பவும் கெட்டுப்போச்சா என்று காதில் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுக்களைக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, அந்தப் பரிசோதனையில் நான் எப்போதும் ஃபெயில். நின்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, குடிக்காமலே மேடையில் வைத்தேன். பிறகு, தீர்த்தம் இன்னும் இருக்கிறதா, அந்தப் பெட்டிக்கு ஒரு தடவை தெளித்துவிடுகிறீர்களா என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அலமாரியைத் திறந்து, மாதா பாட்டிலை எடுத்தார். என் பின்னாலேயே வந்தார். நீலக் கிரீடத்தில் விரல் வைத்தபடி, மேசைக்குச் சரியாக மூன்றடி தள்ளி நின்றுகொண்டார்.

"மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணு."

தங்கையிடம் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டு, அணைத்தேன்.