ராய் வீட்டு பேலர்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை ரவுண்ட் ராக் ஊரில் இறைச்சி வாட்டித் தரும் ஒரு பார்பெக்யூ கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு அங்கே சோளமும் உருளைக்கிழங்கு சாலடும்தான். அந்த மாதிரிக் கடைகளில் சுவரெல்லாம் துருப்பிடித்த இரும்புச் சாமானை மாட்டி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். எங்கள் மேஜைக்கு மேலே இருந்த ஒன்றின் கீழே 'பழைய கலப்பையின் பாகம்' என்று ஓர் அட்டை. கலப்பையாவது! அது பேலரின் பாகம். காய்ந்த புல்லை அமுக்கிச் செவ்வகக் கட்டாகக் கட்டித் தள்ளும் மெஷினில், கயிற்றுக்கு முடிச்சுப் போடும் இடம். பறவையின் அலகு மாதிரி வளைந்த அந்தக் கொக்கியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிச் சொல்லிவிடுவேன்.

"அம்மா, ப்ளீஸ் டோன்ட் டெல் த வெய்ட்டர்" என்றாள் மகள். வெய்ட்டரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம் அல்லவா?

கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. கோயம்புத்தூரில் நூல் சுற்றும் மெஷின் செய்யும் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருந்தவள். இங்கே டிபெண்டென்ட் விசா, வேலை பார்க்கக் கூடாது. அவர் எட்டு மணிக்கு ஆபீஸ் போனால் வீட்டில் நானும் ஃப்ரிட்ஜின் சத்தமும்தான். ஒரே வாரத்தில் மூன்று தடவை பாத்ரூம் டைல்ஸ் தேய்த்திருக்கிறேன். நாலு வகைப் பொடி அரைத்து வரிசையாக வைத்து, அதற்கு லேபிளும் ஒட்டியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு ஊரின் விளிம்பில் இருந்தது. பின்வேலிக்கு அந்தப் பக்கம் ராய், லிண்டா தம்பதியின் புல்வயல். ஒரு மார்ச் மாதக் காலையில் டங்கு டங்கென்று சத்தம் கேட்டு வேலியருகே போனேன். அறுபது வயதிருக்கும் லிண்டா, ஒரு பெரிய சிவப்பு மெஷினைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தாள். கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு ராய் உட்கார்ந்திருந்தார். முந்தின இலையுதிர் காலத்தில் அவருக்கு ஸ்ட்ரோக். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: 'வெல்'. பசித்தாலும் வெல், கோபம் வந்தாலும் வெல். தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாள் எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

லிண்டா சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "வருஷா வருஷம் வந்து புல் கட்டித் தர்ற ஆள் இந்த வருஷம் வரல. இதைப் பழைய இரும்புக்குப் போடலாம்னா இவர் தடியால தரையைத் தட்டுறார். இதோட பேர்கூட எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒரே வாய் திறக்க மாட்டேங்குது."

பேர் தெரியாமல் ஸ்பேர் பார்ட் வாங்க முடியாது. ராய் ஒரு காலத்தில் கேட், தபால் பெட்டி, பேலர் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரே சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருந்தார். கம்பெனித் தகடு இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள்தான் மிச்சம்.

"நான் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னதும் கணவர் சாம்பார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, இது வேலையில சேருமா? எதுக்கும் லாயரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"பக்கத்து வீட்டுக்கு ஒத்தாசைங்க. சம்பளமா தர்றாங்க?"

"கையைக் கிழிச்சுக்காத. அவ்வளவுதான்."

மறுநாளிலிருந்து டீசலும் கம்பி பிரஷ்ஷுமாக பேலரின் அடியில் கிடந்தேன். கியர்பாக்ஸுக்குக் கீழே அப்பியிருந்த கிரீஸைச் சுரண்டியபோது ராயின் சிவப்புக்கு அடியில் ஒரு மங்கிய மஞ்சள் தெரிந்தது. இரும்பு வார்ப்புகளில் எண்கள் இருந்தன. பதினோரு எண்களை ஆசையாக எழுதிக்கொண்ட பிறகுதான் புரிந்தது: அவை பாகத்தின் எண்கள், மாடலின் எண் இல்லை. போட்டோக்களைப் பழைய பண்ணை மெஷின்களுக்கான இணையக் குழு ஒன்றில் போட்டேன். முகம் தெரியாத கிழவர்கள் இரண்டு நாள் தங்களுக்குள் சண்டை போட்டு, மூன்று மாடல்களில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று முடித்தார்கள். மூன்றின் படத்தையும் பிரின்ட் எடுத்து ராயிடம் கொண்டுபோனேன்.

முதல் படத்துக்கு "வெல்" என்று தலையை ஆட்டினார், இல்லை என்று. இரண்டாவதுக்கும் அதே. மூன்றாவதை நான் நீட்டி முடிக்கும் முன்பே இடது கையால் பிடுங்கி, மடியில் வைத்துத் தட்டினார். "வெல், வெல், வெல்." கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. லிண்டா சட்டென்று திரும்பிக்கொண்டு வயலைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் அவர் சொன்னது ஒருவருக்குப் புரிந்தது அதுதான் முதல் தடவை என்று அப்புறம் சொன்னாள்.

மாடல் தெரிந்ததும் கையேட்டின் ஜெராக்ஸ் தபாலில் வந்தது. இறுகிப்போயிருந்த பிஸ்டனை நானும் லிண்டாவும் நாலு நாள் எண்ணெய் விட்டு விட்டு அசைத்தோம். செயின் புதிதாகப் போட்டோம். கொக்கியை மட்டும் யாரையும் தொட விடவில்லை. எமரித் தாளால் நானே தேய்த்துக் கண்ணாடியாக்கினேன். நூல் சுற்றும் மெஷினிலும் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடும் பாகம் ஒன்று உண்டு. அதன் பெரிய அண்ணன்தான் இது. எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

மே மாதத்தில் புல்லை அறுத்துக் காயப்போட்டாயிற்று. கட்ட வேண்டிய அன்று சாயங்காலம் மழை என்றார்கள். லிண்டா டிராக்டரை ஓட்ட, முதல் கட்டு வெளியே வந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் அவிழ்ந்து பரப்பிக்கொண்டது. இடது பக்கத்து முடிச்சு நிற்கவில்லை. ஸ்பிரிங்கை இறுக்கினேன், கயிறு அறுந்தது. தளர்த்தினேன், முடிச்சு நழுவியது. கையேட்டில் இருந்த அளவெல்லாம் சரிபார்த்தேன். மணி இரண்டு. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் ஒரு நோயாளிக்கு வீணாக ஆசை காட்டிவிட்டேன். "ஐயாம் சாரி" என்றேன், ராயைப் பார்க்காமலே.

லிண்டா டிராக்டரிலிருந்து இறங்கி, அவிழ்ந்து கிடந்த கயிற்றை எடுத்தாள். குளிர்காலம் முழுக்கத் துணி ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பவள் அவள். நுனியை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது ஊசியில கோக்க வராதே" என்றாள்.

நுனி துடைப்பம் மாதிரி பிரிந்திருந்தது. முடிச்சு விழுந்ததும் கயிற்றை வெட்டும் சின்னக் கத்தி மழுங்கிப் போயிருந்தது; பிய்ந்த நுனியில் முடிச்சு எப்படி நிற்கும்? எல்லாவற்றையும் அளந்த இன்ஜினியரம்மா அதை மட்டும் பார்க்கவில்லை. லிண்டா சமையலறையிலிருந்து சாணைக்கல்லைக் கொண்டுவந்து தானே தீட்டிக் கொடுத்தாள், பேலரையே பழைய இரும்புக்குப் போட நினைத்த அதே லிண்டா.

அடுத்த கட்டு விழுந்தது. நின்றது. ராய் எழுந்து மெல்ல நடந்து வந்து, தடியால் அதை ஓங்கி ஒரு குத்து குத்தினார். அவிழவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். சிரிப்புக்கு ஸ்ட்ரோக் வரவில்லை. கணவர் ஆபீஸிலிருந்து நேரே வந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கட்டுகளைக் கொட்டகைக்குத் தூக்கினார். கடைசிப் பத்துப் பன்னிரண்டு கட்டு நனைந்துவிட்டது. அவர் மூன்று நாள் தும்மினார்.

பின்னால் எனக்கும் வேலை பார்க்க அனுமதி வந்தது. இன்டர்வியூவில், நடுவில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். பொடி அரைத்ததைச் சொல்லவில்லை. பேலரைச் சொன்னேன், பேப்பரில் அந்த முடிச்சை வரைந்தும் காட்டினேன். வேலை கிடைத்தது. இன்றும் அதே கம்பெனிதான்.

ராய் இன்னும் இரண்டு அறுவடை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். லிண்டா நிலத்தை விற்றுவிட்டு ஒக்லஹோமாவில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். வயல் இருந்த இடத்தில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள். வேலி எங்கே ஓடியது என்று எனக்கே சரியாகச் சொல்ல முடியாது. அவளிடமிருந்து கிறிஸ்துமஸ் கார்டு தவறாமல் வந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷமாக இல்லை. போன் போட்டால் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது.

அந்த வசந்த காலம் முழுக்க, நான் கை கழுவிவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் லிண்டா தேங்க்யூ என்பாள். நானும் பெரிய மனுஷி மாதிரி "நோ ப்ராப்ளம்" என்று சொல்லிவிட்டு வருவேன். உதவி செய்வது நான் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.