பக்குவமாகக் கருக்கியவர்

தவறிச் செய்த ஒன்றையே ஒருவர் ஆயுள் முழுக்கச் சரியாகச் செய்துகொண்டிருந்தால் அதற்குப் பெயர் தவறா, திறமையா? லிப்ட் மெக்கானிக் இதையெல்லாம் யோசிப்பவராகத் தெரியவில்லை. இரும்புச் சட்டிமேல் காதைச் சாய்த்து நிற்கிறார். மோட்டாரின் முனகலை வைத்தே பழுதைச் சொல்லும் காது அது. சட்டிக்குள் உருளைக்கிழங்கு.

"கருகிடுச்சாப்பா?" கூடத்திலிருந்து மகன் கேட்டான்.

"பொறுடா. இப்பத்தான் முணுமுணுக்குது."

முன்பொரு விடுமுறை விருந்தன்று, கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டடத்து லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட ஓடினார். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து, அடிப்பிடித்ததைச் சுரண்டி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பரிமாறினார். அந்தக் காந்தலுக்கு வீடே அடித்துக்கொண்டது. அதிலிருந்து விடுமுறை விருந்தில் மற்றதெல்லாம் ஒப்புக்குத்தான். அவருடைய அக்கா சட்டிக்குப் பக்கத்து நாற்காலியை யாருக்கும் விடுவதில்லை. "பல்லு போச்சேன்னு யாரும் பாவப்பட வேணாம். ஊறவச்சுத் தின்னுக்குவேன்."

புது மருமகளுக்கு இந்தச் சரித்திரம் தெரியாது. முதல் விருந்தன்று மாமனார் வாசல் மணிக்குப் போன நேரம், தீய்ந்த வாடை வந்தது. பாய்ந்துபோய் அடுப்பை அணைத்தாள். நன்றாகக் கிளறியும் விட்டாள். மாமனார் மானத்தைக் காப்பாற்றிய பெருமை மேசைக்கு வரும்வரை நீடித்தது.

மூடியைத் திறந்ததும் கிழங்கு பொன்னிறத்தில் மினுங்கியது.

"என்னடா இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி?" என்றார் அக்கா. "யாரு கை வச்சது?"

மருமகள் கையிலிருந்த கரண்டியை மெல்ல மேசையில் வைத்தாள். இந்த வீட்டில் ஒரு பெயர் விழுந்தால் போகாது. பேரப்பிள்ளை பெற்றாலும் அவள் 'அடுப்பை அணைத்தவள்'தான்.

"நான்தான்க்கா அணைச்சேன்" என்றார் மெக்கானிக்.

"நீயா? ஏன், கிறுக்கா புடிச்சிருக்கு?"

அவர் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றார். தனக்காகப் பழியை ஏற்கிறார் என்று நெகிழ்ந்த மருமகள், அவர் மறுபடி வாங்கிக்கொண்டபோது சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

அடுத்த விருந்திலிருந்து இரண்டு சட்டி. பெரியது வீட்டாருக்கு, காதால் கேட்டுப் பக்குவமாகக் கருக்கியது. சின்னது அவர் தட்டுக்குப் பக்கத்தில், மூடியோடு.

"மாமா, உங்களுக்குக் கருகல் புடிக்கவே புடிக்காதா?" அவள் குனிந்து கிசுகிசுத்தாள்.

அவர் சின்னச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். உள்ளிருந்த பொன்னிறக் கிழங்கில் அவள் ஒரு கரண்டி எடுத்ததும், அக்கா திரும்புவதற்குள் மூடியைப் போட்டார்.