விஸ்தாரமாய் நடந்து ஏறிய மலை

டொங்... டொங்... டொங்...

முதுகுக்குப் பின்னால் கழுத்துமணிச் சத்தம். திரும்பிப் பார்த்தால், ஆறு யாக் மாடுகள் மூட்டை சுமந்தபடி வரிசையாக நிற்கின்றன. முன்மாட்டின் சூடான மூச்சு என் பிடரியில் படுகிறது. ஒற்றையடிப் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்துகொண்டிருந்தவள் நான்தான்.

சிரிக்காமல் கேளுங்கள்...

எட்டு வருடத்துக்கு முந்தி. என் பேத்தி மிதுனா எவரெஸ்ட் பேஸ் காம்ப் போவதற்கு இரண்டு வருடமாக ஆயத்தம் செய்திருந்தாள். கூட வர இருந்த சிநேகிதி, புறப்பட மூன்று மாதம் இருக்கக் கைவிட்டுவிட்டாள். "தனியப் போக விடமாட்டன்" என்று என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"அப்ப நான் போறன்" என்றேன்.

மகள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, அகதிக் காம்பில இருந்து தப்பித்தானே இஞ்ச வந்தனாங்கள். இப்ப டிக்கெட் போட்டுக் காம்புக்குப் போகப் போறியளோ?"

"உது வேற காம்ப் பிள்ளை. போனா திரும்பி வரலாம்."

மூன்று மாதம், கனடாவில், மல்வேர்னில் எங்கள் பில்டிங்கின் பன்னிரண்டு மாடிப் படியையும் முதுகில் அரிசிப் பையோடு ஏறி இறங்கினேன். கண்டவர்கள் எல்லாம், "என்ன அன்ரி, லிஃப்ட் திரும்பவும் பழுதோ?" என்றார்கள். ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு ஏறினேன். இமயமலைக்குப் போகிறேன் என்றால் நம்பவா போகிறார்கள்...

எங்கள் வழிகாட்டிக்குப் பெயர் பாசாங். தமிழில் பாசாங்கு என்றால் நடிப்பு என்று மிதுனாவுக்குச் சொல்லிச் சிரித்தேன். நல்ல மனிதர், என்னை மம்மி என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே ஒரு சட்டம் சொன்னார். இரண்டு பேருக்கும் அவர் ஒருவர்தான். ஒருவருக்கு ஏலாமல் போனால் இரண்டு பேரும் இறங்க வேண்டும்.

அது முள்ளாய்க் குத்தியது. பிள்ளையின் இரண்டு வருட ஆசை, என் முழங்காலில் நிற்கிறது.

அதனால் பாசாங் சொன்னதைச் சொல் தவறாமல் செய்தேன். "விஸ்தாரே மம்மி, விஸ்தாரே" என்பார் பின்னால் நின்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் என்றாலும் எனக்கு விஸ்தாரம் தெரியாதா? விஸ்தாரமான வீடு, விஸ்தாரமான வளவு... சறுக்காமல் காலை அகட்டி நட என்கிறார். கையையும் விரித்துக்கொண்டேன்.

வேகத்தை மட்டும் குறைக்கவில்லை. ஸ்காபரோவில் இருபது வருடம் பக்கிங் ஃபக்டரியில் நின்றவளுக்குத் தெரிந்தது ஒரே வேகம்தான். சுப்பவைசர் பின்னால் நின்று கத்தியதும் ஒரே சொல்தான்... "ஃபாஸ்டர், ஃபாஸ்டர்!"

மிதுனா காதில் இயர்ஃபோனோடு முன்னால் போய்விடுவாள். என் நடையை அவள் காணவே இல்லை.

டிங்போச்சே என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்த பின்னேரம் தலையிடி தொடங்கியது. மண்டைக்குள் யாரோ மா இடிக்கிற மாதிரி. உள்ளிச் சூப் தொண்டையில் இறங்கவில்லை.

"ஹெட்ஏக், மம்மி?" என்று பாசாங் கேட்டார்.

"நோ, நோ, நோ" என்று பல்லைக் காட்டினேன். பாசாங்கிடமே பாசாங்கு!

விரலில் கொழுவுகிற சின்ன மெஷின் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. ஒட்சிசன் குறைவாம். இரண்டு நாள் இங்கே ஓய்வு, சுகம் வராவிட்டால் இறக்கம்தான் என்றார்.

"அம்மம்மா, வை டிட் யு லை? ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"உன்ர பயணம் என்னால கெடக் கூடாதெண்டுதான்..."

"மலை எங்கயும் ஓடாது. உங்களுக்கு ஏதும் நடந்தா நான் அம்மாக்கு என்ன சொல்லுறது?" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பாசாங் தொண்டையைச் செருமினார். கேட்க வெட்கப்படுகிறவர் போல் எழுந்தார். காலை அகட்டி, கையை விரித்து, விடுதி அடுப்பைச் சுற்றி வாத்துப் போல விறுவிறென்று நடந்து காட்டினார். "மம்மி, வை வோக்கிங் லைக் திஸ்?"

"நீங்கள்தானே விஸ்தாரே, விஸ்தாரே எண்டு சொன்னனீங்கள்!"

விஸ்தாரம் என்றால் என்னவென்று மிதுனாவுக்கு நான் விளக்க, அவள் அதை அவருக்கு இங்கிலிஷில் சொன்னாள். பாசாங் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். அழுதுகொண்டிருந்தவளும் சேர்ந்து சிரித்தாள். அவர் சொன்னது "பிஸ்தாரே"யாம். நேபாளி மொழியில் மெல்ல, மெல்ல என்று அர்த்தமாம். இந்த உயரத்தில் வேகமாய் ஏறினால்தான் தலையிடி வருமாம்.

மெல்ல... கனடாவுக்கு வந்து அத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லாத சொல். சொன்ன முதல் மனிதரையும் பிழையாய் விளங்கியிருக்கிறேன்!

இரண்டு நாள் கிடந்தேன். தலையிடி விட்டது, மெஷினும் சம்மதித்தது. அதற்குப் பிறகு நான் நடந்த நடையில் ஆமை முந்தியிருக்கும். யாக் மாடு வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி மரியாதையாக வழி விட்டேன்.

பேஸ் காம்பில் பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். கல்லு, பனிக்கட்டி, கலர்க் கொடிகள், நாலைந்து மஞ்சள் கூடாரம்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான் அம்மம்மா!" என்று கத்திக்கொண்டு மிதுனா என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் கொண்டுபோன எள்ளுருண்டை கல்லாய் விறைத்திருந்தது. மூன்று பேரும் கடவாய்க்குள் அடக்கி வைத்துக் கரைத்தோம். அந்த ருசி பிறகு எந்த எள்ளுருண்டையிலும் வரவில்லை.

இப்போது பன்னிரண்டு மாடிப் படி எங்கே, நான் எங்கே... பில்டிங்கில் புது லிஃப்ட் வந்துவிட்டது. குளிருக்கு ஷொப்பிங் மோலுக்குள்ளேதான் என் நடை, அதுவும் இரண்டு சுற்றோடு குந்த வாங்கு தேடுவேன். மிதுனா மில்லிக்கனில் வீடு வாங்கிவிட்டாள். வேலை, கார், டேகெயார் என்று ஒரே ஓட்டம். ஃபோனில் அரைச் சொல்தான் வரும். "பிஸ்தாரே" என்று நான் சொன்னால் மட்டும் சிரித்து ஒரு மூச்சு விடுவாள்.

போன ஞாயிறு, அவளுடைய பதினொரு மாத மகள், என் பூட்டப்பிள்ளை, சோபாவைப் பிடித்து எழுந்தாள். பிடியை விட்டாள். காலை அகட்டி, கையை விரித்து, யாரையும் போக விடமாட்டேன் என்கிற மாதிரி ஹோலின் நடுவில் நின்றாள்.

"அம்மம்மா, லுக்! உங்கட நடை!"

நான் எதிரே நிலத்தில் குந்தியிருந்து கையை நீட்டினேன். "விஸ்தாரே குஞ்சு... விஸ்தாரே..."

எந்த மொழியில் எடுத்தாளோ தெரியாது. இரண்டு அர்த்தத்திலும் நடந்து வந்தாள்.