கல்மண்டபத்து மீன்காரம்மாவின் படம்

ஒரு மீன்காரம்மாவின் பிழைப்பைக் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன்.

ஓய்வுபெற்ற பின் ராயபுரத்துக்கென ஓர் இணையச் செய்திப் பக்கம் நடத்தினேன். பல தளங்களின் செய்திகள் தானாக வந்து சேரும். பொருத்தமான படத்தைக் கம்ப்யூட்டரே தேடி ஒட்டும். எங்கோ கெட்ட மீன் பிடிபட்ட செய்திக்கு, ராயபுரம் கல்மண்டபம் சந்தையில் நான் எப்போதோ எடுத்திருந்த அந்தம்மாவின் படத்தை ஒட்டிவிட்டது. காலையிலேயே பார்த்தேன்; அவருக்கும் அந்தச் செய்திக்கும் சம்பந்தமில்லை என்றும் தெரியும். தானாக மீனைக் கண்டுகொண்டதே என்ற பெருமையில் விட்டுவிட்டேன்.

மறுநாள் அவர் என் வாசலில் நின்றார். கனத்த உடம்பு, முழங்கை வரை ஒட்டிய செதில். கேட்காதவர்களுக்கும் செவுளைத் தூக்கிக் காட்டியே விற்பவர்.

“இன்னா நைனா, என் மீனு நாறுதுன்னு போட்டுக்கீறியாமே? மோந்து பாத்தியா? நேத்துலேந்து ஒரு ஆளு கூடையாண்ட வர்ல.”

“கம்ப்யூட்டர் போட்டதும்மா. இப்பவே எடுத்துடறேன்.”

“நீ எடுத்துருவ. பாத்தவன் கண்ணுல கீதே, அத்த யாரு எடுக்கறது? கடையாண்ட வந்து நின்னு சொல்லு.”

படத்தை நீக்கினேன். தினமும் காலையில் அவர் கூடையருகே நின்று, “தப்பு என்னோடது, இவங்க மீன் நல்ல மீன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். வியாபாரம் மெல்லத் திரும்பியது. அப்போதும் நான் விடவில்லை.

ஒருநாள் வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே சொன்னார்: “போதும் நைனா, வூட்டுக்குப் போ. மறந்தவனுக்கும் உன்னப் பாத்தாதான் அந்த மேட்டரு ஞாபகம் வருது.”

கிளம்பும்போது அரைக் கிலோ கேட்டேன். எல்லோரிடமும் போலவே என்னிடமும் கறாராகப் பேரம் பேசித்தான் கொடுத்தார். அது மன்னிப்புத்தானா என்று இன்றும் யோசிக்கிறேன்.