முந்திரிக்கொட்டைக்குப் பத்துப் பந்தயம்

உர்சுலாவைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் கார் பந்தயக் கிளப்பின் செயலாளர் தம்பு கேட்டார். ஆண்டு மலருக்காம். "இருபத்திரண்டு வருஷமா கூடவே நிக்கிறீங்க மீனலோசனி, உங்கள விட யாருக்கு அவங்களத் தெரியும்?" என்றார். மனுஷனுக்குக் குசும்பா, மறதியா, தெரியவில்லை. போன வருடம் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். சரி, எழுதுகிறேன். ஆனால் வயிறு எரிந்துகொண்டேதான் எழுதுவேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உர்சுலா கிள்ளானில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா சிக்னல் பார்த்தவர். இவள் துறைமுகத்துப் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கின் வாசலில் நின்று லோரிகளை வரிசையாக உள்ளே அனுப்புகிறாள். எந்த லோரிக்காரனும் அவளிடம் முந்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால் சனிக்கிழமை மாலையே மாதா கோயிலில் பூசை பார்த்துவிடுவாள். ஐம்பத்தாறு வயது, கண்ணாடி கிடையாது. என் மூக்கின் மேல் நாற்பது வயதிலிருந்து கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. இதுவே எனக்கு முதல் எரிச்சல்.

நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரி. அப்பா அரசாங்க உத்தியோகம், அண்ணன் டாக்டர். எங்கள் வீட்டில் பரீட்சையில் இரண்டாவதாக வந்தால் இரவுச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. அப்படி வளர்ந்தவள், ஓய்வு நேரத்தில் தொண்டூழியத்துக்கு என்று பந்திங் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் அந்தப் பந்தயத் தடத்துக்குப் போனேன். அதே நாள் அவளும் வந்தாள். ஒரே அளவு சட்டை, ஒரே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். அன்றிலிருந்து யார் என்னைப் பாராட்டினாலும் அந்த வாக்கியத்தில் உர்சுலா பெயர் எனக்கு முன்னால் வந்துவிடும். "உர்சுலாவும் மீனாவும்." ஒரு தடவையாவது மாற்றிச் சொல்லித் தொலைத்தால் என்ன?

எங்கள் வேலை, நேரத்துக்கு முன்னால் கார் நகர்கிறதா என்று பார்ப்பது. கார்கள் எல்லாம் தரையில் வரைந்த கோட்டுக்குள் வந்து நிற்கும். ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். ஐந்தும் ஒன்றாக அணைந்தால் பந்தயம். அணைவதற்கு முன் சக்கரம் கோட்டைத் தாண்டினால் அது ஜம்ப் ஸ்டார்ட். ஓடி முடித்த நேரத்தோடு பத்து செகண்டு சேர்ப்பார்கள். சுவர் ஓரம் நிற்கும் ஒவ்வொரு நடுவருக்கும் நாலு கார். பெரிய தடங்களில் இதற்கெல்லாம் கருவி இருக்கிறது. எங்கள் சின்னக் கிளப்பில் கண்தான் கருவி. நடுவர் எழுதிவிட்டால் எழுதியதுதான், ஓட்டுநர் மேல்முறையீடு செய்ய முடியாது.

இதில் உர்சுலாவுக்கு ஒரு முறை உண்டு. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வாள்: "விளக்கப் பாக்காத, சக்கரத்தப் பாரு. எல்லாக் காரும் போற வரைக்கும் பேனா மூடியத் தெறக்கக்கூடாது லா." முந்துகிற காரை அவள் முந்திரிக்கொட்டை என்பாள். கார் என்று இல்லை, யாராக இருந்தாலும்தான். மாதா கோயில் குடும்ப விழாவில் கரண்டியில் எலுமிச்சைப் பழம் வைத்து ஓடும் போட்டி நடந்தது. விசிலுக்கு முன்னால் பாதிரியாரே கிளம்பிவிட்டார். "ஃபாதர், பின்னாடி வாங்க" என்றாள். மறுபடியும் முந்தினார். ஆளை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள்! அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் அப்படிச் சொல்லியிருந்தால் திமிர் என்பார்கள். அவள் சொன்னால் நியாயம்.

போன வருடம் கடைசிப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் தம்பு ஒரு செய்தி சொன்னார். அடுத்த வருடம் வெளிநாட்டு அணிகள் வருகிற பெரிய பந்தயம் ஒன்று நம் தடத்துக்கு வருகிறது. அதற்குத் தொடக்க நடுவர்களின் தலைவர் என்று ஒரே ஒரு பெயர்தான் அனுப்பலாம். உர்சுலாவா, நானா, கடைசிப் பந்தயம் முடிந்ததும் முடிவு. அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். எனக்குக் கிடைக்க வேண்டும் என்று அல்ல, அவளுக்குக் கிடைக்கக்கூடாது என்று வேண்டினேன். பொய் சொல்வானேன்?

அந்தப் பந்தயத்தில் அவள் மகன் ஷானும் ஓட்டினான். ஜெயித்தால் வருடக் கோப்பை அவனுக்கு. தோற்றால் ஐங்கரன் என்கிற பையனுக்கு. ஷானுடைய கார் உர்சுலா பார்க்கும் நாலில் வந்தது. காலையிலேயே அவள் தம்புவிடம் போனாள்.

"என் பிள்ளை காரை நான் பாக்கக்கூடாது. மீனா கூட மாத்தி விடுங்க. அவ கண்ண நம்பலாம்."

நம்பலாமாம். எனக்குள் ஏதோ குதித்தது. இவன் ஒரு விரல் நகர்ந்தால் போதும், அவள் பிள்ளையை நான் எழுதுவேன். ஊரே பார்க்கும்.

கார்கள் வந்து நின்றன. மதிய வெயில், தார் கொதித்தது. முதல் விளக்கு, இரண்டாவது, மூன்றாவது. ஷான் கிளட்ச்சை லேசாக விட்டதில் கார் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. கோட்டுக்குள்ளேதான் நின்றது. ஆனால் என் கை கேட்கவில்லை. பேனா மூடி எப்போது திறந்தது என்று எனக்கே தெரியாது. குனிந்து அவன் எண்ணுக்கு நேராக 'நகர்ந்தது' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். நிமிர்வதற்குள் இரைச்சல் காதை அடைத்தது. விளக்குகள் அணைந்திருந்தன, கார்கள் பறந்துகொண்டிருந்தன, ஷான் எல்லாருக்கும் முன்னால் இருந்தான். பார்த்தாயா, முந்தினால்தானே இவ்வளவு முன்னால் போக முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாக்கி டாக்கியில் எண்ணைச் சொல்லிவிட்டேன்.

ஷான் நாலு செகண்டு வித்தியாசத்தில் முதலாவதாக வந்தான். பத்து செகண்டு சேர்த்ததும் மூன்றாம் இடத்துக்கு இறங்கினான். கோப்பை ஐங்கரனுக்கு என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அரை மணி நேரம் கழித்து அது இறுதி முடிவாகிவிடும். அதற்குள் எழுதிய நடுவரே திரும்பப் பெற்றால் உண்டு, பிறகு யாராலும் மாற்ற முடியாது.

ஷான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். முகமெல்லாம் வியர்வை. "ஆன்டி, நான் நவரவே இல்ல ஆன்டி! கோட்டுக்குள்ளதான் நின்னேன், சத்தியமா!"

நான் வாயைத் திறக்கும் முன் பின்னால் உர்சுலா குரல் கேட்டது. "ஷான்! வாய மூடு. ஆன்டி பாத்தாங்க, எழுதினாங்க, முடிஞ்சது. இருவத்திரண்டு வருஷத்துல ஆன்டி கண்ணு தப்பாப் பாத்ததில்ல. போய்க் கைய குடு ஐங்கரனுக்கு."

பையன் போனான். உதட்டைக் கடித்துக்கொண்டே போனான். அவள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நேராகத் தம்புவிடம் நடந்தாள். என் காது கேட்கத்தான் சொன்னாள்.

"பெரிய பந்தயத்துக்கு மீனா பேர அனுப்புங்க. பெத்தவ பக்கத்துல நிக்கிறப்பவே பிள்ளைய எழுதினா பாருங்க. அந்த நெஞ்சு எனக்கு இல்ல லா."

தம்பு தலையாட்டிவிட்டு என் பெயரை எழுத ஒரு படிவத்தை எடுத்தார்.

நியாயமாகப் பார்த்தால் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். டயர் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது, யார் கொடுத்தது? அவள் கொடுத்தது! கொடுப்பதிலும் என்னை முந்திவிட்டாள். இனி அந்தத் தலைமை நாற்காலியில் நான் உட்காரும் ஒவ்வொரு நாளும் அது உர்சுலா போட்ட பிச்சை. பெரிய மனசுக்காரி என்று கிள்ளான் முழுக்க அவளைப் பேசும். நான் அவளுடைய பிள்ளையின் கோப்பையைத் திருடியவளாக, எனக்கு மட்டும் தெரிந்த திருடியாக, அவள் பக்கத்திலேயே நின்று சாக வேண்டும். ஷான் உதட்டைக் கடித்தது வேறு கண்ணை விட்டுப் போகவில்லை. பச்சைக் குழந்தையாக இந்தத் தடத்தில் என் மடியில் தூங்கியவன்.

நேர்மையால் எழுந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதி அந்தப் பையன், பாதி பொறாமைதான். அவளிடம் கடன்பட்டு வாழ என்னால் முடியாது.

மணி பார்த்தேன். நாலு நிமிடம் மிச்சம். தம்புவின் அறைக்குள் நுழைந்தேன். உர்சுலா அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். ஷான் மூலையில் குனிந்து காலணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஷான் நகர்ந்ததை நான் பாக்கல" என்றேன். "கார் கோட்டுக்குள்ள குலுங்கினதத்தான் பாத்தேன். லைட் அணையறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். அணைஞ்சப்ப நான் குனிஞ்சிருந்தேன்."

தம்பு என் முகத்தையும் கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு வெளியே ஓடிப்போய்ப் பலகையில் ஒட்டியதைக் கிழித்தார். ஷான் ஒரு காலணியோடு அவர் பின்னாலேயே ஓடினான்.

உர்சுலா காப்பியைக் கீழே வைத்தாள். "மூடியத் தெறந்திட்டியா?"

"தெறந்திட்டேன்."

"எதுக்கு?"

"உன் மேல பொறாமை" என்றேன். இருபத்திரண்டு வருடமாகத் தொண்டையில் நின்ற சொல் அது. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முந்திரிக்கொட்டை" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. மகனுக்கு நடந்த விஷயம், நான் பேசக்கூடாது என்று உர்சுலா வெளியே போய் நின்றுகொண்டாள். என்னை ஆயுளுக்கும் நீக்க வேண்டும் என்றார்கள் சிலர். தவற்றைத் தானே வந்து சொன்னாளே, விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். சண்டை முடியவில்லை. கடைசியில் எனக்கே பொறுக்கவில்லை. "அவளையே கூப்பிடுங்க. அவ சொல்றத நான் ஏத்துக்கிறேன்" என்றேன். கூப்பிட்டார்கள்.

வாசலில் நின்றபடியே சொன்னாள்: "முந்தினா என்ன தண்டனையோ அதுதான். அதிகமும் வேணாம், கொறச்சலும் வேணாம். காருக்குப் பத்து செகண்டு, இவ பத்துப் பந்தயம் வெளிய நிக்கட்டும். பதினோராவதுக்கு வரட்டும்." என் பக்கம் திரும்பினாள். "சரியா மீனா?"

ஏதாவது ஒரு குறை சொல்லலாம் என்று அங்குலம் அங்குலமாகத் தேடினேன். கிடைக்கவில்லை. சண்டாளி, தண்டனையைக்கூட இவ்வளவு சரியாகப் போட்டுவிட்டாள்.

பெரிய பந்தயத்துக்கும், இந்த வருடம் எங்கள் பந்தயங்களுக்கும் அவள்தான் தலைவி. தம்பு, இதை அச்சில் போடுங்கள், வெட்ட வேண்டாம்.

ஏழு பந்தயம் கழிந்துவிட்டது, மூன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் போகிறேன். மக்களோடு மக்களாகப் படியில் உட்கார்ந்து, தூரக் கண்ணாடியில் உர்சுலாவைத்தான் பார்க்கிறேன். ஒரு தப்பாவது செய்யமாட்டாளா என்று பார்க்கிறேன். விளக்கு எரியும்போது அவள் கையில் பேனா மூடியோடுதான் இருக்கிறது.

தலைவி ஆனவளுக்குத் தனியாகக் கார் பார்க்கும் வேலை இல்லை. குடை போட்ட நாற்காலி இருக்கிறது, அதில் உட்காரலாம். அவள் உட்காருவதில்லை. சுவர் ஓரம் நான் நின்ற இடத்துக்கு வேறு ஆளைப் போடச் சொல்லித் தம்பு எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். "ஆள் இருக்கு, மூணு பந்தயத்துல வந்துரும்" என்கிறாளாம். அதுவரை என்னுடைய நாலு காரையும் வெயிலில் நின்று அவளே பார்க்கிறாள்.