அத்தை ரோட்டை வெட்டிய நாள்

என் அத்தை ரோட்டை வெட்டியபோது எனக்குப் பத்து வயது. வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில், நடு ரோட்டில், பச்சைப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் குடையோடு நான் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொன்னால் இப்போது என்னோடு வேலை செய்கிறவர்கள் நம்புவதில்லை. நான் அவ்வளவு சாதுவாக இருக்கிறேனாம்.

மாத்தளை டவுனிலிருந்து எல்கடுவப் பக்கம் ஏறும் மலைகளுக்குக் கீழே, ஒரு பள்ளத்தில் எங்கள் ஒன்பது வீடுகளும் இருந்தன. எல்லாரும் தோட்டத்து லய வீடுகளை விட்டு இறங்கி வந்தவர்கள். பின்னால் மலை, முன்னால் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயல், வயலுக்கும் கீழே ஓயா என்கிற சிற்றாறு. மழை பெய்தால் மலைத் தண்ணீர் கான் என்கிற வடிகால் வழியாக எங்கள் வீடுகளைத் தாண்டி, ரோட்டுக்கு அடியிலிருந்த கல் மதகுக்குள் நுழைந்து, வயலோரமாக ஓயாவுக்குப் போய்விடும். கன்றுக்குட்டி ஒன்று தலை குனியாமல் நுழைந்து வெளியேறும் அளவுக்குப் பெரிய மதகு அது.

பிறகு ரோட்டை அகலமாக்க வந்தார்கள். மண்ணைக் கொட்டி என் நெஞ்சளவுக்கு உயர்த்தினார்கள். கல் மதகை உடைத்துவிட்டு ஒரே ஒரு கொங்கிரீட் குழாயைப் புதைத்தார்கள். அந்தக் குழாய்க்குள் எங்கள் வீட்டு நாயே யோசித்துத்தான் நுழையும். ரோடு அணைக்கட்டாகிவிட்டது. நாங்கள் குளத்துக்குள் குடியிருந்தோம்.

முதல் மழைக்கே தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அரிசி வாளி மிதந்து போய்க் கதவில் முட்டி நின்றது. என் பாடப் புத்தகங்கள் ஊறி, பிசைந்த ரொட்டி மாவு போலாகின. எங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்துச் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்து சேற்றை அள்ளினோம். அடுத்த மழைக்கு மறுபடியும் பள்ளிக்கூடம், பார்சல், சேறு.

அத்தை அப்பாவுக்கு அக்கா. டவுனில் தையல் கடையொன்றில் வேலை. ஆள் குட்டை, குரல் மட்டும் நெட்டை. மதகைப் பற்றி அவள் மூன்று பெட்டிசம் எழுதினாள். மூன்றாவதற்கு ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய அதிகாரி சேற்றில் கால் வைக்காமல் ரோட்டிலேயே நின்று எங்கள் வீடுகளைக் குனிந்து பார்த்தார். இது பள்ளமான இடம், தண்ணீர் சேரத்தான் செய்யும், இங்கே வீடு கட்டச் சொன்னது யார் என்று சிங்களத்தில் கேட்டார். அத்தைக்கும் சிங்களம் நன்றாக வரும்.

"சேர், தண்ணி வரும்னு எங்களுக்குத் தெரியும். வந்த தண்ணி போறதுக்கு வழி இருந்துச்சு. அந்த வழிய அடைச்சது நாங்க இல்ல" என்றாள்.

அவர் மண் மூட்டை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்தன. மூட்டைகள் மட்டும். மண்ணை நாங்களே தேடிக்கொள்ள வேண்டுமாம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த மழை. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தொட்டுவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்படி கிராம சேவகர் ஆள் அனுப்பியிருந்தார். அம்மா துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அத்தை வீட்டுக்குப் பின்னாலிருந்த, மண்ணைக் குத்தித் தோண்டும் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தத் தடவ நான் எங்கயும் போகல. தண்ணி போகட்டும்."

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "அண்ணி, வேணாம். பொலிஸ் புடிச்சிட்டுப் போயிருவாங்க."

"போனா போறேன். அங்க தரையாவது காஞ்சிருக்கும்."

மற்ற வீடுகளிலிருந்து ஆறு பெண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். ரோட்டுக்கு இன்னும் தார் போட்டிருக்கவில்லை. பழைய மதகு இருந்த இடத்தில் அத்தை அலவாங்கை இறக்கினாள். டவுன் பக்கமிருந்து வாகனம் எதுவும் வந்துவிடக் கூடாது என்று கதிரையைப் போட்டு என்னை உட்கார வைத்தாள். மேல் பக்கத்துக்கு அம்மா போய் நின்றாள், துணி மூட்டையை இன்னமும் இடுப்பில் வைத்துக்கொண்டு.

"யாரு சொன்னாலும் எந்திரிக்காத" என்பதுதான் எனக்குக் கிடைத்த கட்டளை.

முதலில் வந்தது பஸ். டிரைவர் ஹோர்ன் அடித்தார். நான் எழவில்லை. கொண்டக்டர் மிதிபலகையிலிருந்து கத்தினார். நான் குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டேன். அப்புறம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரைப் பார்த்ததும் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். என் கணக்கு டீச்சர்.

"எந்திரி."

"அத்தை சொன்னாத்தான் எந்திரிப்பேன் டீச்சர்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். டீச்சர் என்னைத் தாண்டிப் போய், இடுப்பளவு குழியில் நின்று மண்ணை வாரும் பெண்களைப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் தண்ணீருக்குள் நின்ற ஒன்பது வீடுகளையும் பார்த்தார். திரும்பிப் போய் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார். கணக்குப் பாடத்தில் அதுவரை எனக்குக் கிடைக்காத பெரிய வெற்றி அது.

மத்தியானமாகும்போது கடைசி மண்ணும் உடைந்தது. பெண்கள் அலறிக்கொண்டு மேலே ஏறினார்கள். தேங்கிக் கிடந்த தண்ணீர் முழுவதும் அந்த வெட்டுக்குள் பாய்ந்து, இரு பக்கத்து மண்ணையும் கற்களையும் பிய்த்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. எங்கள் வாசற்படிகள் ஒன்றொன்றாக வெளியே வந்தன. அத்தை தலையிலிருந்து கால்வரை சேறாக நின்று சிரித்தாள்.

பொலிஸ் வந்து யார் வெட்டியது என்று கேட்டது.

"நான்தான். பேர எழுதிக்கங்க. பிழையில்லாம எழுதுங்க" என்றாள் அத்தை.

பொலிசுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஒரு பை நிறைய, மீன் அடைத்த மாலு பணிசோடு திரும்பி வந்தாள். வழக்கு வரும் என்று பயமுறுத்தினார்கள், வரவில்லை. ஒரு மாதத்துக்குள் அந்த இடத்தில் அகலமான புது மதகு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததே இல்லை.

ஆனால் எனக்கு அதிகம் ஞாபகமிருப்பது மறுநாள் காலைதான். நாங்கள் சாதித்ததைப் பார்க்க அத்தையோடு நானும் ரோட்டுக்கு ஏறினேன். அந்தப் பக்கத்து வயல் ஒரு சிங்கள மாமாவுடையது. நெல் பால் பிடித்திருந்த நேரம். பாதி வயலைக் காணவில்லை. ரோட்டு மண்ணும் கல்லும் மணலும் அதை மூடிக் கிடந்தன. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி வரம்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை வயலுக்குள் இறங்கினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்து நான் பின்னாலேயே நின்றேன்.

"வெட்டுறதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார் சிங்களத்தில். "நானும் மண்வெட்டி எடுத்துட்டு வந்திருப்பேன். வயலோரம் மூடிக்கெடக்கிற கானைத் தோண்டி வச்சிருந்தா, தண்ணி நேரா ஓயாவுக்குப் போயிருக்கும்."

நான் காத்திருந்தேன். அதிகாரிக்குச் சொன்னவள், பொலிசுக்குச் சொன்னவள், இவருக்கும் சுடச்சுட ஒன்று வைத்திருப்பாள் என்று நம்பியிருந்தேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். ஒரு கல்லை எடுத்து வரம்பில் போட்டாள்.

"நீயும் எறங்கு" என்றாள் என்னிடம்.

"மாட்டேன். நாமதானே ஜெயிச்சோம்?"

அவள் மறுபடி கூப்பிடவில்லை. நான் வரம்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறும்வரை அவர்கள் இரண்டு பேரும் கல் பொறுக்கினார்கள். அடுத்த நாளும் அத்தை போனாள். அதற்கடுத்த நாளும் தையல் கடைக்குப் போகுமுன் அங்கே இறங்கினாள். அந்த வாரம் முழுவதும் அவள் நகக்கண்களில் சேறு இருந்தது.

எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் அத்தைக்கு ஜீப்பில் வந்த ஐயாவிடம் பயமில்லை, பொலிசிடம் பயமில்லை, ஈரச் சாரம் கட்டிய அந்த ஒல்லி மாமாவிடம் மட்டும்தான் பயம் என்று பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளிடம் சொன்னேன். பயத்தைத் தவிர வேறு எதற்காக ஒருத்தி இன்னொருவர் வயலில் இறங்கித் தலை குனிந்து நிற்பாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.