சர்க்கரையைப் பூட்டி வைத்தவன்

2025 நவம்பர் எட்டு, சனிக்கிழமை, காலை ஒன்பது பத்து. இரவெல்லாம் பெய்த மழை விட்டுத் தூறல் மட்டும் மிச்சமிருந்தது. மந்தாரக்குப்பத்தில் ஒரு டாக்டரம்மாவின் முன்னால் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏழு புள்ளி நான்கிலிருந்து எட்டு புள்ளி ஒன்றுக்கு ஏறியிருந்தது.

"வீட்ல எனக்குத் தெரியாம குழம்புல சர்க்கரை போடுறாங்க டாக்டர்," என்றேன். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிலக்கரிச் சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எண்ணி ஓய்வு பெற்றவன் நான். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வந்த பிறகு எண்ணுவதற்கு வீடுதான் இருந்தது. நோய் என்று தெரிந்ததும் சோற்றைக் கிண்ணத்தால் அளந்தேன். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை. சர்க்கரை டப்பாவையும் வெல்லத்தையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். அவளுடைய டீக்குக்கூட நான்தான் ஸ்பூனில் அளந்து போட்டேன்.

பூட்டிய பிறகும் அவள் எங்கோ ஒளித்து வைத்திருப்பதாகச் சந்தேகப்பட்டேன். அதோடு நின்றேனா? ஓய்வு பெற்ற நாங்கள் ஏழு பேர் தினமும் சுரங்க நகரியத்துக்குள் நடந்துவிட்டு, மந்தாரக்குப்பம் டீக்கடையில் வந்து உட்காருவோம். அங்கே எல்லோர் முன்னாலும், "என் வீட்டுக்காரி குழம்புல வெல்லம் கலக்குறா" என்று சொல்லிவிட்டேன். நண்பர் ஒருவரின் மனைவி மார்க்கெட்டில் என் மனைவியை நிறுத்தி, "ஏம்மா, வயசான மனுசனுக்கு இப்படியா பண்ணுவ?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு என் மனைவி மார்க்கெட்டுக்குப் போவதில்லை.

டாக்டரம்மா, "வெளியில என்ன சாப்பிடுவீங்க ஐயா?" என்றார்.

"சர்க்கரை போடாத டீ."

"வேற?"

"ரெண்டு வடை. நடந்துட்டுத்தான்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை மூணு."

மனைவி இப்போது என்னைப் பார்த்தாள். வடை அவளுக்குப் புதுச் செய்தி.

"சர்க்கரை தின்னாத்தான் சர்க்கரை ஏறும்னு இல்லீங்க," என்றார் டாக்டரம்மா. "எண்ணெய்ப் பலகாரம் அதிகமானா உடம்புல கொழுப்பு சேரும். கல்லீரல்லயும் தசையிலயும் அது தங்கிடுச்சுன்னா, இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அது சொல்றதக் கேக்காது. வடை ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லல. வயசு இருக்கு, தொப்பை இருக்கு. ஆனா அம்மாவோட குழம்ப விட்ருங்க."

வடை பருப்புதானே என்று நினைத்திருந்தேன். நடந்ததற்குக் கூலி மாதிரி தின்றேன். சோற்றை அளந்தவன் எண்ணெயை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

தூறலில் நடந்து வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"இந்த வூட்டுல என்னெத் திருடி மாரி வச்சிக்கினு, சாவிய இடுப்புல கட்டிக்கினு திரிஞ்சீங்க. போவட்டும். எங்க போயி சொன்னீங்களோ, அங்கயே போயி இல்லன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க."

சாவியை அன்றே அவிழ்த்து அலமாரியிலேயே தொங்கவிட்டேன். அவள் அதைத் தொடவில்லை. டீயைச் சர்க்கரை இல்லாமலே குடித்தாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் டீக்கடைக்குப் போய், சொல்ல வாய் வராமல் திரும்பினேன். வடையைத் தொடவில்லை என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

புதன்கிழமை சொன்னேன். "அவ எதுவும் கலக்கல. நான் தின்ன வடைதான். அவமேல அபாண்டமாச் சொல்லிட்டேன்."

ஒருவர் சிரித்தார். "ஸ்டோர்ஸ்காரரு கணக்குல எண்ணெ டின்னயே வுட்டுட்டாரு பாரு!"

மார்க்கெட்டில் கேட்ட அம்மாவின் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னிக்கே வூட்டுல சொல்லிடுறேன். தங்கச்சிய மார்க்கெட்டுக்கு வரச் சொல்லுய்யா," என்றார். "ஆனா இன்னிக்கு எல்லாத்துக்கும் காசு நீதான்."

ஏழு டீ. அவர்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கு இரண்டு வடை.

வீட்டுக்கு வந்து, "சொல்லிட்டேன். எல்லாருக்கும் டீ, வடை என் காசுலதான்," என்றேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் கழித்து, "எவ்ளோ ஆச்சி?" என்றாள்.

இருநூற்று நான்கு ரூபாய்.